மீன் விடுவதற்கு முன் ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் முறை பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்களும் நன்றாக இருந்தன, எழுதியவர் ஆர்வத்தோடு எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் தொட்டி, மோட்டார், ஜல்லி, மீன் குஞ்சு எல்லாம் ஒரே நாளில் வாங்கி வந்தார்கள். பத்து நாளுக்குள் இரண்டு வீட்டில் மீன்கள் மிதந்துவிட்டன. மூன்றாவது வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் ஓடி வந்து, "அத்தை, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது, வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்ததும் எனக்கு மூன்று வருடம் முன்பு என் வீட்டுக் கொல்லையில் நடந்தது அப்படியே கண் முன்னால் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டுரையில் ஒரு சனி, ஞாயிறு போதும், தொட்டியை அமைத்து மீனை விட்டுவிடலாம் என்று இருந்தது. அமைப்பதற்கு இரண்டு நாள் போதும் என்பது சரிதான். மீனை விடுவதற்குப் போதாது. இடையில் ஐந்து ஆறு வாரம் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொருள் விற்கிற கடைகளிலும் யாரும் அதைச் சொல்வதில்லை.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் 31 வருடம் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரத்தத்தில் யூரியா எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்ப்பதே அங்கே அன்றாட வேலை. ஓய்வு பெற்ற பிறகு, மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மொத்தம் 500 லிட்டர் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு அமைப்பு வைத்தேன். கீழே மீன் தொட்டி. அதற்கு மேலே ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு அடி ஆழத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பிய பாத்தி. மோட்டார் தண்ணீரை ஏற்றும், அது ஜல்லி வழியாக வடிந்து திரும்பவும் மீனுக்கு வரும். சித்திரை மாதம். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் 40 வாங்கி, அமைத்த மறுநாளே விட்டேன். விற்றவரும் அப்படித்தான் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் நின்று மூச்சுக்குத் தவித்தன. செவுள்கள் ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தன. வண்ணமீன் கடையில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் அம்மோனியா சோதனைக் கிட் கிடைக்கும். உடனே போய் வாங்கி வந்தேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டுகளை விட்டுக் குலுக்கி, கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் நன்றாக இருந்தால் அது மஞ்சளாகவே இருக்க வேண்டும். மஞ்சள் மெல்லப் பச்சையாகி, ஐந்து நிமிடத்தில் வாழை இலைக் கரும்பச்சைக்குப் போய்விட்டது. அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். வேலை பார்த்த காலத்தில் கிட்னி பழுதான நோயாளியின் யூரியா அளவைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையுமே, அதே உணர்வுதான் வந்தது.

விஷயமும் ஏறக்குறைய அதேதான். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீவனமும் அழுகி அம்மோனியாதான் ஆகிறது. இந்த விஷத்தைத் தின்று கரைக்க இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் வேண்டும். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அந்த நைட்ரேட்டைத்தான் கீரை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியின் மேல் படலமாக ஒட்டி வளர்கின்றன. அந்த ஜல்லிப் பாத்திதான் தொட்டிக்குக் கிட்னி. புதிதாகக் கழுவிப் போட்ட ஜல்லியில் அவை கிடையாது. கிட்னியே இல்லாத உடம்பில் 40 உயிரை நாம் வாழச் சொல்கிறோம்.

அவை உடனே வந்துவிடாதா என்று கேட்கலாம். ஆய்வகத்தில் ஈ.கோலை போன்ற கிருமியைத் தட்டில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்திருக்கும். சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிவிடும். இந்தத் தொட்டிப் பாக்டீரியாக்கள் ஒருமுறை இரட்டிப்பாகவே அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நாம் அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் இதற்கு மேல் ஒரு கஷ்டம் கொடுத்தது. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பிஹெச் 8.4. பிஹெச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய விஷம். பிஹெச்சும் வெப்பமும் ஏற ஏற அந்த விஷப் பங்கு ஏறும். அன்றைக்குத் தண்ணீர் 31 டிகிரி. அந்த வெப்பத்தில் பிஹெச் 8.4 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பங்கு விஷ வடிவம். அதே தண்ணீர் பிஹெச் 7 ஆக இருந்திருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருந்திருக்காது. மலைப்பகுதியில் மென்மையான தண்ணீரில் செய்பவர் தப்பித்துக்கொள்வார். மதுரையைப் போலப் போர் தண்ணீரை நம்பும் ஊரில் செய்பவர் மாட்டிக்கொள்வார். கட்டுரையை எழுதுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தீவனத்தை நிறுத்தினேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். காற்றுக் குழாயைக் கூட்டினேன். மூன்றாவது வாரம் அம்மோனியா இறங்கியது, 13 மீன் மிச்சம் இருந்தது, நிம்மதியாக இருந்தேன். அப்புறம் திரும்பவும் சாக ஆரம்பித்தன. அம்மோனியாவோ பூஜ்யம். செத்த மீன் ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் டிக்காஷன் நிறத்தில் பழுப்பாக இருந்தது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. நைட்ரைட் இரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், மனிதர்களுக்கும் அப்படித்தான். தண்ணீரில் எவ்வளவு காற்று விட்டாலும் மீனுக்கு மூச்சு முட்டும். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் கலக்காத கல் உப்பைக் கரைத்து விட்டேன். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழைவதைத் தடுக்கும். ஆறு மீன்கள் பிழைத்தன. 34 செத்தன. அந்த 34 சாவும் தேவையில்லாதது. ஆறு வாரம் பொறுத்திருந்தால் ஒன்றுகூடச் செத்திருக்காது என்பதுதான் இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

ஆறு வாரம் என்ன செய்வது என்று சொல்கிறேன். இப்போது அந்தப் பையனின் வீட்டில் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம். உயிரோடு இருந்த அவன் மீன்களை என் தொட்டிக்கு மாற்றிவிட்டோம். அவன் தொட்டியில் மீன் இல்லாமலே மோட்டார் ஓடுகிறது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்கு அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று விற்பதும் அதுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்குமோ தெரியாது. கெமிக்கல் கடையில் சுத்தமானதாக வாங்க வேண்டும். 500 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அது இறங்கியதும் திரும்பவும் போட வேண்டும். இதைத் தேட முடியாதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தொட்டியில் போட்டு அழுகவிடலாம். மெதுவாக நடக்கும், கொஞ்சம் வாடை வரும், ஆனால் நடக்கும். கூடவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து இரண்டு கை ஜல்லியை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, சீக்கிரம் பிடிக்கும்.

முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். கடைசியில் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் நிற்கும். 3 கிராமைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு மீனை விடலாம், அதுவும் முதலில் பத்துக் குஞ்சு போதும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா போன்றவற்றை முதல் வாரத்திலேயே நட்டுவைக்கலாம். பச்சையைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் காத்திருக்கப் பொறுமை வரும்.

குழாயில் வருவது மாநகராட்சித் தண்ணீராக இருந்தால் குளோரின் இருக்கும். அது மீனுக்கும் ஆகாது, பாக்டீரியாவையும் கொன்றுவிடும். டிரம்மில் திறந்து வைத்து, காற்றுக் குழாய் விட்டு, ஒரு நாள் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். மீனுக்கு நோய் என்றால் கடையில் ஒரு நீல மருந்து கொடுப்பார்கள். அதைத் தனி வாளியில் மீனை விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓடுகிற தொட்டியில் ஊற்றினால் ஆறு வாரமாக வளர்த்த பாக்டீரியாவும் போய்விடும்.

கடினத் தண்ணீர்க்காரர்களுக்கு ஒன்று. பிஹெச்சை இறக்க எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றாதீர்கள். அன்று இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், மீன்தான் ஏறி இறங்கி அலைக்கழியும். எனக்குக் கைகொடுத்தது மழைத் தண்ணீர். 2003-லேயே தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாங்கள் அப்போது கட்டிய தொட்டி அதுவரை சும்மாதான் கிடந்தது. இரண்டு பங்கு மழைத் தண்ணீர், ஒரு பங்கு போர் தண்ணீர் என்று கலக்க ஆரம்பித்தேன். பிஹெச் 7.4-க்கு வந்தது. பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அமிலமும் உண்டாவதால், பிறகு அதுவே மெல்ல மெல்ல இன்னும் இறங்கியது. எட்டு மாதத்தில் 6.4-க்குப் போனபோது பாக்டீரியாக்கள் மந்தமாயின. அப்போது கிளிஞ்சல்களை ஒரு துணிப் பையில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன்; அதிலுள்ள சுண்ணாம்பு மெல்லக் கரைந்து பிஹெச்சை ஏற்றும். 6.8-லிருந்து 7.2 வரை வைத்துக்கொண்டால் மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் ஒத்துப்போகும்.

ஜல்லி வாங்கும்போதே ஒரு கைப்பிடி எடுத்து அதன் மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் ஜாதி, தண்ணீரை எப்போதும் காரமாகவே வைத்திருக்கும். மீன் செத்துப்போன வீடுகளில் ஒன்றில் அழகுக்காக வெள்ளைப் பளிங்குச் சில்லுகளைப் பாத்தி முழுக்கக் கொட்டியிருந்தார்கள். வினிகர் பட்டதும் சோடா மாதிரிப் பொங்கியது. கட்டடத்துக்குப் போடும் கருங்கல் ஜல்லி நுரைக்கவில்லை. பாலைப் போல வரும் தூசு போகிற வரைக்கும் நாலைந்து முறை கழுவிவிட்டுப் போட்டால் போதும்.

மாடியில் வைக்க நினைப்பவர்கள் எடையைக் கணக்குப் பண்ண வேண்டும். 500 லிட்டர் தண்ணீரே அரை டன். ஜல்லிப் பாத்தி தனியாக இன்னொரு அரை டன்னுக்குக் குறையாது. கட்டடம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் தளத்தின் நடுவில் தூக்கி வைக்காதீர்கள்.

தீவனம் போடுவதில் எல்லோருக்கும் கை தாராளமாகிவிடுகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைத்து இன்னொரு பிடி போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் தின்னக்கூடியதுதான் அளவு. மிதக்கும் தீவனமாக வாங்கினால் மிச்சத்தை வலையால் அள்ளிவிடலாம். கீரைப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போட்டால் செடிகளால் எடுத்துக்கொள்ள முடியாது. இப்போது என் தொட்டியில் 20 ஜிலேபிக் கெண்டைதான் வைத்துக்கொள்கிறேன். பெரிதாகப் பெரிதாக மாதம் இரண்டு மூன்றாகப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுகிறோம், தொட்டியின் பாரமும் குறைகிறது.

செடிப் பக்கம் எல்லோரும் கேட்கும் கேள்வி, இளந்தளிர் மட்டும் வெளுத்து நரம்பு மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்பது. அது இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்கு வேண்டிய அளவு இரும்பு இல்லை. நாட்டு மருந்துக் கடை அன்னபேதியும் இரும்புதான், ஆனால் நம் காரத் தண்ணீரில் போட்டால் துருவாக மாறி அடியில் தங்கிவிடும், செடிக்கு எட்டாது. உரக்கடையில் கீலேட் செய்த இரும்பு, அதாவது துருவாகாமல் கரைந்தே நிற்கும்படி செய்த இரும்பு, என்று கேட்க வேண்டும், அதிலும் இ.டி.டி.ஹெச்.ஏ. என்று போட்டிருப்பதுதான் அதிக பிஹெச்சில் நிற்கும். தண்ணீர் செந்நிறமாகும், பயப்பட வேண்டாம். போட்ட பத்து நாளில் என் தண்டுக்கீரையில் புதுத் தளிர் கரும்பச்சையாக வந்தது. அசுவினி விழுந்தால் வேப்பெண்ணெயில் சோப்பைக் கலந்து அடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது கூடாது, வழிகிற சோப்பு நேராக மீனின் செவுளுக்குத்தான் போகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள், மிச்சத்தை விரலால் நசுக்கிவிடுங்கள்.

மின்தடைக்குத் தங்கள் நாளிதழே எனக்கு உதவுகிறது. "நாளைய மின்தடை" பகுதியைத்தான் காலையில் முதலில் பார்க்கிறேன். ஒத்தக்கடை பெயர் இருந்தால் அன்று மீனுக்குத் தீவனம் கிடையாது. வயிறு காலியாக இருந்தால் மீனுக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் தேவைப்படும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாத முதல் கோடையில், ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு ஓர் ஆள் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே மதியம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். அன்று ஒரு மீனும் சாகவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த முறையைப் பற்றித் திரும்ப எழுதும்போது, மீன் விடுவதற்கு முன்பு தொட்டியை ஐந்து ஆறு வாரம் பக்குவப்படுத்த வேண்டும் என்பதை முதல் பத்தியில் போடுங்கள். கட்டம் கட்டியும் போடுங்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடைக்காரர்கள் அம்மோனியா, நைட்ரைட், பிஹெச் மூன்றுக்கும் சோதனைக் கிட்டைச் சேர்த்துக் கொடுத்து, அதில் பூஜ்யம் காட்டிய பிறகு மீனை வாங்க வரச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் இதில் நஷ்டம் இல்லை, மீன் செத்துப்போனவர் திரும்ப அந்தக் கடைப் பக்கம் போவதில்லையே. மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் பொருள் கொடுக்கும் தோட்டக்கலைத் துறையும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தால், அதில் ஒரு மணி நேரமாவது ஒவ்வொருவர் கையிலும் சோதனைக் குழாயைக் கொடுத்து அந்த மஞ்சளையும் பச்சையையும் பார்க்க வைக்க வேண்டும். கேட்பதைவிடப் பார்த்தால் யாரும் மறக்க மாட்டார்கள்.

பையனின் தொட்டிக்கு இன்று 23-ஆம் நாள். பள்ளி விட்டு வந்ததும் சோதனைக் குழாயோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறான், எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறான். அம்மோனியா மஞ்சளுக்கு வந்துவிட்டது. நைட்ரைட் இன்னும் கடும் ஊதாவில்தான் நிற்கிறது. மீன் வாங்கக் காசு சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னான். இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன், சரி அத்தை என்று போயிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
ஒத்தக்கடை, மதுரை.